குறிப்பேட்டிலிருந்து பாடநூலுக்கு: மூலக்கூறு நிறமாலையியலும் குவாண்டம் இயக்கவியலும் முதுநிலைக் கல்வியான வரலாறு

1. முன்னுரை

பிப்ரவரி 28ஆம் நாள் இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1928ஆம் ஆண்டு அந்நாளில் கல்கத்தாவில் உறுதிசெய்யப்பட்ட இராமன் விளைவு தமிழ்ப் பாடநூல்களில் நிலையான இடம் பெற்றுள்ளது. கண்டுபிடிப்பின் நாளை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அக்கண்டுபிடிப்பைச் செய்தவர்கள் அதற்குமுன் எவ்வாறு கற்றார்கள், அதை விளங்கிக்கொள்வதற்காக அதன்பின் எதைக் கற்க வேண்டியிருந்தது என்னும் வரலாறு நம் நினைவில் அந்த அளவுக்கு இடம்பெறவில்லை.

மூலக்கூறுகள் ஒளியை ஏற்கும்போதும் உமிழும்போதும் சிதறடிக்கும்போதும் தோன்றும் நிறமாலையை அளந்து, அவற்றின் வடிவையும் அசைவையும் அறியும் துறை மூலக்கூறு நிறமாலையியல். அந்த அசைவுகள் ஏன் குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்களில் மட்டுமே நிகழ்கின்றன என்பதை விளக்குவது குவாண்டம் இயக்கவியல். இன்று முதுநிலை மாணவர் பெரும்பாலும் இரண்டாவதை முதலிற் கற்று, முதலாவதை அதன் பயன்பாடாகக் கற்கிறார். வரலாற்றில் இவ்வரிசை இருக்கவில்லை. அளவீடு முன்னே சென்றது. கோட்பாடு அதனைத் தொடர்ந்தும், சில வேளைகளில் அதனோடு உடன் நடந்தும் வந்தது. இரண்டையும் இணைத்துக் கற்பிக்கும் பாடநூல் இவற்றுக்கெல்லாம் பின்னரே தோன்றியது.

இந்த இடைவெளியில் கற்றோர் எதைக் கொண்டு கற்றனர் என்பதைக் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணனின் (1898–1961) கல்வி வாழ்வை நடுவாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. விரிவுரையைக் கேட்டு, விளங்கிக்கொண்டு, பிறர் படிக்குமாறு எழுதிவைத்த குறிப்பேடே ஒரு கண்டுபிடிப்பைக் கற்பிக்கத்தக்க துறையாக்கும் பாலமாக அமைந்தது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. பாடத்திட்டம் இல்லாத காலம்

சென்னை மாநிலக் கல்லூரியில் 1907இல் முதுகலைப் பட்டம் பெற்ற சந்திரசேகர வேங்கட இராமனுக்கு ஆய்வு வழிகாட்டி என்று ஒருவர் இருந்ததில்லை. மாணவராக இருந்தபோதே, 1906இல், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இங்கிலாந்து இதழொன்றில் வெளிவந்தது. பின் இந்திய நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்றவர், 1876இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் அலுவல் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்தார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானார். அதன்பின் அக்கழகத்தின் ஆய்வுக்கூடம் பல மாகாணங்களின் இளைஞரை, சிறப்பாகத் தென்னிந்தியரை, ஈர்க்கும் இடமாயிற்று.

அக்காலக் கல்கத்தாவில் புதிய இயற்பியலைக் கற்பிக்க வேண்டியவர்களே அதைத் தாமாகக் கற்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழக அறிவியற் கல்லூரியில் இளம் விரிவுரையாளர்களாக இருந்த மேக்நாத் சாகாவும் சத்தியேந்திரநாத் போசும் ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளை செருமானிய மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1920இல் நூலாக வெளியிட்டனர். அம்மொழிபெயர்ப்பு அவர்களுக்குக் கற்கும் முறையாகவும் அமைந்தது.

இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4ஆம் நாள் பிறந்த கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னதில் வேதியியற் செய்முறை விளக்குநராகப் பணியாற்றிய காலத்தில், நண்பகல் உணவு இடைவேளையில் இயற்பியல், வேதியியல், கணிதம் குறித்த உரையாடல்களை நடத்தினார். பிற கல்லூரி மாணவரும் அவற்றுக்கு வந்து சென்றனர். பாடத்திட்டத்துக்கும் தேர்வுக்கும் வெளியே நிகழ்ந்த இவ்வுரையாடல்களில் அவருடைய பிற்காலப் பணியின் வித்தைக் காணலாம். 1920இல் அவர் கல்கத்தா சென்றார். 1923 முதல் இராமனின் ஆய்வுக்கூடத்தில் ஆய்வாளரானார்.

அங்கு கூடியவர்கள் ஒரே வகையினர் அல்லர். இரங்கூன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்ற கே. ஆர். இராமநாதன் விடுமுறைக் காலத்தில் கல்கத்தாவில் ஆய்வு செய்தார். எஸ். வெங்கடேசுவரன் வேறு பணி பார்த்துக்கொண்டே ஓய்வு வேளையில் ஆய்வு செய்தார். எனவே இங்குப் பட்டத்துக்குரிய வகுப்பைவிடத் தொழில் பழகும் பட்டறையின் இயல்பே மிகுந்திருந்தது.

3. 1928: கண் கண்டது

1921இல் இங்கிலாந்து சென்று திரும்பிய கடற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் இராமனின் சிந்தனையைத் தூண்டியது. வானத்தின் நிறத்தைக் கடல் எதிரொளிப்பதே அந்நீலத்துக்குக் காரணம் என்னும் விளக்கம் போதாது என்றும், நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்றும் அவர் காட்டினார். அதைத் தொடர்ந்து நீர்மங்களில் ஒளிச்சிதறல் கழகத்தின் முதன்மை ஆய்வுப் பொருளாயிற்று. 1923இல் இராமநாதன் நீரை ஆராய்ந்தபோது, செலுத்திய நிறத்திலிருந்து வேறுபட்ட மங்கலான ஒளியொன்றும் வெளிவரக் கண்டார். அது மாசினால் எழும் ஒளிர்வு என்று முதலிற் கருதப்பட்டது. நீர்மத்தை மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தியும் அது மறையவில்லை. 1925இல் கிருஷ்ணனும் பல நீர்மங்களில் அதனைக் கண்டார். 1928 தொடக்கத்தில் வெங்கடேசுவரன் கிளிசரினில் அவ்வொளி வலிமையாகவும் முனைவாக்கம் பெற்றும் இருப்பதைக் கண்டபோது, அது வழக்கமான ஒளிர்வு அன்று என்னும் ஐயம் உறுதியாயிற்று.

அவ்வேளையில் கிருஷ்ணன் கோட்பாட்டுப் பணியில் ஆழ்ந்திருந்தார். பிப்ரவரித் தொடக்கத்தில் இராமன் அவரை மீண்டும் சோதனைக்குத் திருப்பியதைக் கிருஷ்ணனின் நாட்குறிப்பு பதிவு செய்கிறது. கருவி எளியது. 18 செ.மீ. விட்டமும் 230 செ.மீ. குவியத் தொலைவும் உடைய தொலைநோக்கி வில்லையும் 5 செ.மீ. குவியத் தொலைவுடைய மற்றொரு வில்லையும் கதிரவன் ஒளியைக் குவித்தன. அதன் வழியில் நீல-ஊதா வடிகட்டி ஒன்று வைக்கப்பட்டது. நீர்மத்துக்கும் கண்ணுக்கும் இடையில் மஞ்சள்-பச்சை வடிகட்டி வைக்கப்பட்டது. முதல் வடிகட்டி விடும் நிறத்தை இரண்டாவது விடாது. எனவே சிதறலில் நிறம் மாறாவிடின் கண்ணுக்கு எதுவும் தெரியலாகாது. ஆனால் ஒளி தெரிந்தது. ஏறத்தாழ 60 நீர்மங்களில் இவ்விளைவு காணப்பட்டதைத் தெரிவிக்கும் இருவரது குறிப்பு 1928 மார்ச் 31ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அதே காலத்தில் மாஸ்கோவில் லாந்த்ஸ்பெர்கு, மாந்தெல்ஸ்தாம் ஆகிய இருவரும் படிகங்களில் இவ்விளைவைத் தனியே கண்டறிந்தனர்.

கோட்பாடு அறவே இல்லாதிருந்தது எனக் கூறுதல் பிழையாகும். 1923இல் வியன்னாவின் ஸ்மேக்கல் இத்தகைய சிதறலை எதிர்பார்த்திருந்தார். 1925இல் கிராமர்சும் ஐசன்பெர்கும் அதற்கான வாய்பாட்டைத் தந்திருந்தனர். 1927இல் திராக் அதனைப் புதிய குவாண்டம் இயக்கவியலிலிருந்து வருவித்தார். ஆயினும் கல்கத்தாவில் ஆய்வாளரை வழிநடத்தியது எக்சு-கதிர்ச் சிதறலில் காம்ப்டன் 1923இல் கண்ட விளைவோடு கூடிய ஒப்புமையே. வாய்பாடு ஐரோப்பாவிலும் நிறம் மாறிய ஒளி கல்கத்தாவிலும் இருந்தன. இரண்டையும் ஒரே மாணவர் மனத்தில் சேர்ப்பதே அடுத்த பணியாயிற்று.

4. நிறத்திலிருந்து எண்ணுக்கு

வடிகட்டியால் கண்ட ஒளியை நிறமாலைமானியால் பிரித்தபோது துறையின் தன்மையே மாறியது. கதிரவன் ஒளிக்குப் பதிலாகப் பாதரச விளக்கின் 4358 ஆங்ஸ்ட்ராம் நீலக்கோட்டைக் கார்பன் டெட்ராகுளோரைடின் மீது செலுத்தினால், அக்கோட்டின் இருமருங்கும் புதிய கோடுகள் தோன்றும். அவற்றின் விலக்கம், ஒரு செ.மீ.க்கு எத்தனை அலைகள் என்னும் அளவில், 218, 314, 459 என அமையும். அவற்றோடு 762, 790 என இரட்டையாகப் பிளந்த கோடும் தோன்றும். 459 என்னும் விலக்கத்துக்குரிய கோடு ஏறத்தாழ 4447 ஆங்ஸ்ட்ராமில் விழும்.

ஐந்து அணுக்கள் கொண்ட அம்மூலக்கூற்றுக்கு 9 அதிர்வு முறைகள் உண்டு. கோடுகளோ நான்கு இடங்களில் மட்டுமே உள்ளன. நான்முகி வடிவின் சமச்சீர்மை 9 அதிர்வுகளை 1, 2, 3, 3 எனக் குழுக்களாக்குகிறது. ஒரு குழுவில் உள்ளவற்றுக்கு ஆற்றல் ஒன்றே. எனவே நான்கு அதிர்வெண்களே எஞ்சுகின்றன. நான்கு குளோரின் அணுக்களும் ஒருசேர விரிந்து சுருங்கும் அதிர்வே 459. இவ்வாறு சமச்சீர்மையைக் கொண்டு அதிர்வுகளை வகைப்படுத்தும் கணித முறையை விக்னர் 1930இல் வகுத்தார்.

நான்காவது கோடு ஏன் பிளந்துள்ளது? 459ஐயும் 314ஐயும் கூட்டினால் 773 வரும். நான்காவது அதிர்வின் ஆற்றல் ஏறக்குறைய அதே இடத்தில் அமைந்துள்ளது. ஆற்றலில் நெருங்கிய, சமச்சீர்மையில் ஒத்த இரு நிலைகள் ஒன்றோடொன்று கலந்து, ஒன்றையொன்று விலக்கி, இரு கோடுகளாகின்றன. கார்பன் டை-ஆக்சைடின் இராமன் நிறமாலையில் காணப்பட்ட இத்தகைய பிளவை ஃபெர்மி 1931இல் குவாண்டம் இயக்கவியலால் விளக்கினார்.

ஒரு நீர்மத்தின் ஐந்து எண்களைப் படிக்க மாணவர் அலைச்சமன்பாடு, சமச்சீர்மைக் குலங்கள், நிலைகளின் கலப்பு ஆகிய மூன்றையும் அறிய வேண்டியுள்ளது. கருவியை மட்டும் பழகியவர் எண்களைப் பட்டியலிடலாம். அவற்றின் பொருளை உரைக்க இயலாது. சமன்பாட்டை மட்டும் கற்றவரோ எந்தக் கோடு மாசினால் வந்தது, எது மூலக்கூற்றுக்குரியது என்பதை அறியமாட்டார். இவ்விரட்டைத் தேவையே முதுநிலைக் கல்வியாக இத்துறை உருப்பெற்றதன் காரணமாகும்.

5. சோமர்ஃபெல்டும் இரு தமிழ் மாணவரும்

1928இன் பிற்பகுதியில் மூனிக்கு நகரின் பேராசிரியர் அர்னால்டு சோமர்ஃபெல்டு இந்தியா வந்தார். அணுவமைப்பையும் நிறமாலைக் கோடுகளையும் பற்றிய அவரது பெருநூல் அக்காலத்து இயற்பியலாரின் முதன்மைக் கல்வி நூலாக விளங்கியது. அவருடைய வருகை இருவரை இருவேறு முறையில் பாதித்தது.

முதலாமவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அந்நூலைத் தாமாகவே படித்திருந்த அவர், சோமர்ஃபெல்டை அவர் தங்கியிருந்த விடுதிக்குச் சென்று கண்டார். நூல் எழுதப்பட்டபின் இயற்பியல் அடியோடு மாறிவிட்டது என்பதை நூலாசிரியர் வாயிலாகவே அறிந்தார். உலோகங்களின் எலெக்ட்ரான் கொள்கை குறித்து, அச்சாகிக்கொண்டிருந்த தம் கட்டுரையின் பார்வைப்படிகளை சோமர்ஃபெல்டு அவருக்குக் கொடுத்தார். அதைப் படித்துப் புதிய புள்ளியியலைக் கற்ற சந்திரசேகர், அதனைக் காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்தி எழுதிய கட்டுரை 1929இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளிவந்தது.

இரண்டாமவர் கிருஷ்ணன். சோமர்ஃபெல்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அலை இயக்கவியல் குறித்து விரிவுரைகள் ஆற்றினார். சுரோடிங்கர் தம் சமன்பாட்டை வெளியிட்டு அப்போது மூன்று ஆண்டுகளும் நிறையவில்லை. அவ்விரிவுரைகளைக் குறிப்பெடுத்து, வெளியீட்டுக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தும் பணியைக் கிருஷ்ணன் மேற்கொண்டார். அவை பல்கலைக்கழக வெளியீடாக நூலுருப் பெற்றன.

குறிப்பெடுத்தல் என்பதை எழுத்தர் பணி எனக் கொள்ளலாகாது. பேச்சில் விடுபட்ட கணக்குப் படிகளை நிரப்புதல், வினாவெழும் இடத்தில் விளக்கம் சேர்த்தல், ஒரு குறியீட்டை முழுவதும் ஒரே பொருளில் ஆளுதல் ஆகியவை பொருளை முற்றும் உணர்ந்தவரால் மட்டுமே இயலும். பிப்ரவரியில் வடிகட்டி வழியே நிறம் மாறிய ஒளியைக் கண்ட அதே கண்கள், ஆண்டு முடிவதற்குள் அதன் காரணத்தைக் கூறவல்ல கணிதத்தை எழுதி ஒழுங்குசெய்தன. இராமனின் உடனுழைப்பாளர் என்ற அளவிலேயே கிருஷ்ணனைக் குறிப்பிடும் வழக்கு அவருடைய இந்த இரண்டாம் பணியை மறைத்துவிடுகிறது.

6. நைட்ரசன் தந்த பாடம்

1928இன் இறுதி வாக்கில் கிருஷ்ணன் டாக்காப் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அங்கு இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்கியவர், 1924இல் ஒளித்துகள்களுக்கான புள்ளியியலை வகுத்த போசு. கிருஷ்ணனின் ஆய்வு அங்குப் படிகங்களின் காந்தப் பண்புகளுக்குத் திரும்பியது. ஆனால் அவர் பங்கேற்ற கண்டுபிடிப்பு, அவருடைய புதிய உடன்பணியாளரின் பெயரைத் தாங்கிய புள்ளியியலோடு 1929இல் எதிர்பாராத வகையில் இணைந்தது.

இத்தாலியரான ராசெட்டி நைட்ரசன் வளியின் இராமன் நிறமாலையை அளந்தார். மூலக்கூற்றின் சுழற்சியால் எழும் கோடுகள் ஏறத்தாழ 8 அலையெண் இடைவெளியில் வரிசையாக அமைந்தன. அவை ஒன்றுவிட்டு ஒன்று வலிமை மிகுந்தும் குறைந்தும் காணப்பட்டன. எந்தக் கோடு வலியது என்பது அணுக்கரு எவ்வகைப் புள்ளியியலுக்கு உட்பட்டது என்பதைக் காட்டும். கோட்டிங்கனில் இருந்த ஐட்லரும் எர்சுபெர்கும் இதை ஆராய்ந்து, நைட்ரசன் அணுக்கரு போசு புள்ளியியலுக்கு உட்பட்டது என்று 1929இல் அறிவித்தனர்.

இம்முடிவு அக்கால அணுக்கருக் கொள்கைக்கு மாறானது. அணுக்கருவில் புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் மட்டுமே உள்ளன என்று கருதப்பட்ட காலம் அது. நிறை 14, மின்னூட்டம் 7 என்னும் நைட்ரசன் அணுக்கருவில் 14 புரோட்டான்களும் 7 எலெக்ட்ரான்களும், ஆக 21 துகள்கள், இருக்க வேண்டும். ஒற்றைப்படை எண்ணிக்கை போசு புள்ளியியலுக்குப் பொருந்தாது. சாட்விக் 1932இல் நியூட்ரானைக் கண்டறிந்தபின் 7 புரோட்டான், 7 நியூட்ரான் என 14 துகள்களாயின, சிக்கல் தீர்ந்தது. மூலக்கூறு சிதறடித்த மங்கிய ஒளி, நியூட்ரான் அறியப்படுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அணுக்கருக் கொள்கை தவறு என்பதைக் காட்டிவிட்டது.

7. பாடநூல்களின் தோற்றம்

குறிப்பேடுகளும் ஆய்விதழ்களும் வகித்த இடத்தைப் படிப்படியாக நூல்கள் பெற்றன. ஆஸ்திரியரான கோல்ராவுசு 1931இல் இவ்விளைவு குறித்துத் தனி நூல் வெளியிட்டார். பிளாச்செக் 1934இல் இராமன் சிதறலின் முறையான கொள்கையை விரித்துரைத்தார். பவுலிங்கும் வில்சனும் 1935இல் வேதியியல் மாணவருக்குக் குவாண்டம் இயக்கவியலை அறிமுகம் செய்தனர்.

நைட்ரசன் புதிரை ஆராய்ந்த எர்சுபெர்கின் மனைவி யூதர். ஆகவே 1935இல் அவர் செருமனியை விட்டு நீங்கிக் கனடாவின் சஸ்காடூன் நகர் சென்றார். ஈரணு மூலக்கூறுகள் பற்றிய அவரது முதற்பகுதி 1939இலும், அகச்சிவப்பு, இராமன் நிறமாலைகள் பற்றிய இரண்டாம் பகுதி 1945இலும் வெளிவந்தன. அளந்த எண்களின் அட்டவணையும் அவற்றுக்கான கோட்பாடும் அருகருகே அமைந்த அந்நூல்கள் பல தலைமுறை ஆய்வு மாணவருக்கு அடிப்படையாயின. அவர் 1971இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

இந்தியாவிலும் இவ்வகை நூல்கள் எழுதப்பட்டன. இராமனின் மாணவரான சூரி பகவந்தம் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, ஒளிச்சிதறல் குறித்து 1940இலும், வெங்கடராயுடுவுடன் இணைந்து இயற்பியலில் குலக்கொள்கையின் பயன் குறித்து 1948இலும் நூல்கள் தந்தார். ஒளி முதன்முதல் கண்ணுக்குத் தெரிந்து 20 ஆண்டுகளில், கல்கத்தாப் பட்டறையில் பழகிய ஒரு தொழில், நூல் கொண்டு கற்கத்தக்க பாடமாயிற்று.

8. தமிழும் முதுநிலைக் கல்வியும்

மேற்கூறிய நூல்களுள் எதுவும் தமிழில் எழுதப்பட்டதன்று. அக்காலச் சூழலில் அதில் வியப்பில்லை. போசு 1920இல் செருமானியத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 1948இல் வங்காள அறிவியல் மன்றத்தை நிறுவி அறிவியலை வங்க மொழியில் பரப்ப முற்பட்டார். உயர்கல்வியில் நிற்பவர் தம் மொழியில் எழுதுவதைக் கல்வியின் பகுதியாகக் கொள்ளலாம் என்பதற்கு அவர் சான்று.

தமிழில் சொற்கள் உள்ளன. சில பொருள்களுக்கு இரண்டிரண்டு உள்ளன. தமிழகத்தார் நிறமாலை என்பதை ஈழத்தார் திருசியம் என்பர். அதிர்வெண்ணை மீடிறன் என்பர். ஆற்றலைச் சக்தி என்பர். இருநாட்டு மாணவரும் மூன்றாவது நாடொன்றின் ஆய்வுக்கூடத்தில் சந்திக்கும்போது, தத்தம் பள்ளியில் கற்ற சொல் மற்றவருக்கு விளங்காமையால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுதல் இயல்பு. சொல்லை ஒன்றாக்குவது நன்று. ஆனால் சொற்பட்டியல் மட்டும் ஒரு துறையைக் கற்பிக்காது. 459ஐயும் 314ஐயும் ஏன் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதைப் பட்டியல் சொல்லாது. தொடர்ந்து செல்லும் உரைநடையே சொல்லும்.

9. நிறைவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, மூலக்கூறு நிறமாலையியலில் கருவியறிவும் கோட்பாட்டறிவும் ஒருவரிடமே சேர்ந்தபோதுதான் முதுநிலைக் கல்வி உருப்பெற்றது. கிருஷ்ணனின் 1928ஆம் ஆண்டு அச்சேர்க்கைக்குத் தெளிவான சான்று. இரண்டாவது, கண்டுபிடிப்புக்கும் பாடநூலுக்கும் இடைப்பட்ட காலத்தை நிரப்பியவை மொழிபெயர்ப்பும் பார்வைப்படியும் விரிவுரைக் குறிப்புமே. இவற்றை வரலாற்றாவணங்களாகக் கருதித் தேடிப் பாதுகாக்க வேண்டும். மூன்றாவது, தமிழில் உயர் அறிவியல் வளர்வதற்குப் பெருநூல்களுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. பல நாடுகளில் இத்துறையைப் பயிலும் தமிழ் மாணவர் தாம் கேட்ட ஒரு விரிவுரையை, விடுபட்ட படிகளை நிரப்பி, தமிழில் எழுதிவைத்தால் அதுவே தொடக்கமாகும்.

சென்னையில் உணவு இடைவேளையில் பாடம் சொன்ன இளைஞரே கல்கத்தாவில் சோமர்ஃபெல்டின் விரிவுரைகளை நூலாக்கினார். அவர் கண்ட ஒளியைப் போற்றும் நாம், அவர் எழுதிய குறிப்பேட்டின் வழியையும் பின்பற்றக் கடமைப்பட்டுள்ளோம்.